ஓசெட் அகழாய்வு: மக்கா மக்களும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும்

ஓசெட் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கடற்கரையில், அலாவா முனையருகே இருந்த ஒரு பழைய கடலோர ஊர். திமிங்கில வேட்டையில் பெயர்பெற்ற மக்கா என்னும் தொல்குடியினரின் ஐந்து நிலையான ஊர்களுள் இதுவும் ஒன்று. முன்னொரு நாள் நிகழ்ந்த மண்சரிவில் இவ்வூரின் ஒரு பகுதி, வீடுகளோடும் வீட்டுச் சாமான்களோடும் ஈரக் களிமண்ணுக்குள் புதைந்துபோனது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மக்கா மக்களும் இணைந்து 1970 முதல் 1981 வரை பதினொரு ஆண்டுகள் அங்கே அகழாய்வு நடத்தி, 55,000-க்கும் மேற்பட்ட பொருட்களை வெளிக்கொணர்ந்தனர். பொருட்களின் எண்ணிக்கை வியப்புக்குரியதுதான். ஆயினும் அவை தோண்டிய பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் அந்த மக்களின் ஊரிலேயே தங்கியது அதைவிடப் பெரிய செய்தி. அக்காலத்தில் அது வழக்கமன்று.

'மக்கா' என்ற சொல்லுக்கும் அரேபியாவின் மக்கா நகருக்கும் தொடர்பில்லை. அது அண்டைக் குடியினர் வைத்த பெயர். தாராளமாக உணவளிப்பவர்கள் என்று அதற்குப் பொருள் கூறுவர். பாறைகளுக்கும் கடற்காக்கைகளுக்கும் அருகே வாழ்பவர்கள் என்பது இம்மக்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரின் பொருள்.

அகழாய்வுக்கு முந்தைய நிலை

1855 ஜனவரி 31 அன்று மக்கா மக்கள் அமெரிக்க அரசுடன் நீயா விரிகுடா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தனர், கடலை விட்டுக்கொடுக்கவில்லை. மீன் பிடிக்கவும், திமிங்கிலமும் சீலும் வேட்டையாடவும் தங்களுக்கு இருந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டனர். திமிங்கில வேட்டை உரிமையை வெளிப்படையாகக் குறிப்பிடும் ஒரே அமெரிக்க ஒப்பந்தம் இதுவே.

அடுத்து வந்தவை அரசின் முகவர்களும் பள்ளிக்கூடமும். 1862இல் நீயா விரிகுடாவின் பள்ளி ஆசிரியராக அமர்ந்த ஜேம்ஸ் சுவான் என்பவர், பாடம் சொல்லித்தந்த நேரம் போக அம்மக்களின் வாழ்க்கையையும் கதைகளையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவர் எழுதிய நூலை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1870இல் வெளியிட்டது. சுவான் அவர்களை மதித்த மனிதர்தான். ஆனால் அவர் திரட்டிய பொருட்கள் கண்டத்தின் மறுகோடியில் இருந்த ஸ்மித்சோனியனுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்நாளைய ஆய்வு முறை அது. அறிஞர் வருவார், கேட்பார், வாங்குவார், போவார். ஊரில் மிஞ்சுவது அவரைப் பற்றிய நினைவு மட்டும்.

ஓசெட் ஊர் காலியானதிலும் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு உண்டு. அங்கே பள்ளி கிடையாது. பிள்ளைகளை நீயா விரிகுடாப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. பிள்ளைகளைத் தனியே அனுப்ப மனமில்லாத குடும்பங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. சில பத்தாண்டுகளில், குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுகள் மக்கள் வாழ்ந்த ஊரில் புல்லும் புதரும் மண்டின. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் மக்கா மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு அது தேவைப்படும்.

டாகெர்ட்டியும் கிளாப்லான்ஹூவும்

ரிச்சர்டு டாகெர்ட்டி, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர். 1947இல், மாணவராக இருந்தபோதே, இக்கடற்கரையில் நடந்து பழைய குடியிருப்புகளைக் கணக்கெடுத்தவர். ஓசெட்டின் மேடு அப்போதே அவர் கண்ணில் பட்டது. 1966, 1967 ஆண்டுகளில் மாணவர்களோடு வந்து அங்கே சோதனைக் குழிகள் தோண்டினார். கிளிஞ்சலும் எலும்பும் குவிந்த குப்பைமேட்டின் ஓரிடத்தில், ஈர மண்ணுக்குள் மரப்பொருட்கள் அழியாமல் கிடப்பது தெரிந்தது. அப்போதைக்கு ஆய்வு அதோடு நின்றது.

அவரை வேறொரு வேலை இழுத்துக்கொண்டது. மாநிலத்தின் கிழக்கே மார்மிஸ் பாறைக்குகையில் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுப் பழமையான மனித எலும்புகள் கிடைத்திருந்தன. புதிய அணையின் நீர் அந்த இடத்தை மூழ்கடிக்கவிருந்தது. குகையைக் காக்கத் தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் அடியில் ஊறி உள்ளே புகுந்தது. 1969 பிப்ரவரியில் குகை நீருக்குள் போனது. கண்ணெதிரே ஒரு தொல்லிடம் அழிவதைப் பார்த்து ஓராண்டு ஆவதற்குள் டாகெர்ட்டிக்கு ஓசெட்டிலிருந்து செய்தி வந்தது.

1970இன் தொடக்கத்தில் குளிர்காலப் புயலின் அலைகள் ஓசெட்டின் கரையை அரித்துவிட்டன. பழைய வீட்டுப் பலகைகளும் மரக்கருவிகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடற்கரையில் நடைப்பயணம் வருவோர் அவற்றைப் பொறுக்கிச் செல்லத் தொடங்கினர். செய்தி மக்கா குடிமன்றத்தின் அப்போதைய தலைவர் எட்வர்டு கிளாப்லான்ஹூவுக்கு எட்டியது. மக்கா மக்களில் முதன்முதலில் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அவர். 1956இல் பட்டம் பெற்ற இடம், டாகெர்ட்டி பணியாற்றிய அதே நிறுவனம். கிளாப்லான்ஹூ தொலைபேசியை எடுத்து டாகெர்ட்டியை அழைத்தார். பல்கலைக்கழகம் இருந்த புல்மன் நகரம் மாநிலத்தின் கிழக்கு எல்லையில். ஓசெட் மேற்குக் கோடியில். டாகெர்ட்டி உடனே புறப்பட்டு வந்தார்.

பல்கலைக்கழகம் ஊரைத் தேடி வரவில்லை, ஊர்தான் பல்கலைக்கழகத்தை அழைத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அழைத்தவர்களுக்கு நிபந்தனை விதிக்கும் இடம் இருந்தது. கிடைக்கும் பொருட்கள் மக்கா மக்களுடையவை, அவை மக்கா நிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பதே அவர்களின் நிபந்தனை. டாகெர்ட்டி ஒப்புக்கொண்டார். தொல்குடி மக்களின் எலும்புகளையும் புனிதப் பொருட்களையும் அருங்காட்சியகங்கள் திருப்பித் தர வேண்டும் என்னும் கூட்டரசுச் சட்டம் 1990இல்தான் வந்தது. ஓசெட்டில் இந்த உடன்பாடு அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே ஏற்பட்டது.

நீரால் தோண்டிய அகழாய்வு

வழக்கமான மண்வெட்டியும் கொத்துக்கரண்டியும் இங்கே உதவவில்லை. களிமண்ணுக்குள் கிடந்த சிடார் மரம் ஊறி மெத்தென்று இருந்தது. இரும்பு பட்டால் வெட்டுப்படும். எனவே கடல்நீரைப் பம்பு வைத்து ஏற்றி, குழாய்களால் பீய்ச்சி மண்ணைக் கரைத்தார்கள். பெரிய பலகை என்றால் வேகமான நீர், கூடை என்றால் மெல்லிய தூறல் என்று குழாய்முனையை மாற்றிக்கொண்டார்கள். சாலை கிடையாது, காட்டு வழியே சுமார் 5 கிலோமீட்டர் நடந்துதான் இடத்தை அடைய முடியும். கனமான சாமான்கள் ஹெலிகாப்டரில் வந்தன. கோடைக்கால மாணவர் முகாமாகத் தொடங்கிய வேலை, மழையும் குளிரும் பாராத ஆண்டு முழுதுமான வேலையாயிற்று.

மரம் ஏன் அழியாமல் இருந்தது என்ற கேள்வி மாணவர்களுக்கு எழும். மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகளும் பூஞ்சைகளும் செழிக்க ஆக்சிஜன் வேண்டும். நீர் நிறைந்த இறுகிய களிமண்ணுக்குள் ஆக்சிஜன் புகவில்லை. மக்கா மக்களின் வாழ்க்கையில் பெரும்பாலான பொருட்கள் மரத்தாலும் மரப்பட்டையாலும் ஆனவை. சாதாரணமான தொல்லிடத்தில் இவையெல்லாம் போய், கல்லும் எலும்பும் மட்டும் மிஞ்சும். அதைப் பார்ப்பவர், இங்கே கல்லும் எலும்பும் வைத்துப் பிழைத்த ஏழைகள் வாழ்ந்தார்கள் என்று எழுதிவிடுவார். ஓசெட் அந்த முடிவைக் கவிழ்த்துப் போட்டது.

ஆனால் வெளியே எடுத்த மரம் உலர்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். அதற்காக நீயா விரிகுடாவிலேயே ஒரு பாதுகாப்புக் கூடம் அமைத்து, பொருட்களைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்தார்கள். மரத்துக்குள் இருக்கும் நீரின் இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும். சிறு பொருளுக்கு வாரங்கள், பெரிய பலகைக்கு ஆண்டுகள் ஆகும்.

சரிவில் அகப்பட்டவை செஞ்சிடார் பலகைகளால் கட்டிய நீண்ட வீடுகள். முழுமையாகத் தோண்டப்பட்ட முதல் வீட்டின் நீளம் சுமார் 20 மீட்டர். ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள், தனித்தனி அடுப்புகளோடு வாழ்ந்தன. கூடைகள், பாய்கள், ஒற்றைப் பலகையை நீராவியில் வளைத்துச் செய்த பெட்டிகள், எண்ணெய்க் கிண்ணங்கள், ஆயிரக்கணக்கில் தூண்டில் முள்ளும் அம்புத் தண்டுகளும், தறிகள், தக்களி வட்டுகள், ஏன், நாய் மயிர் கலந்து கட்டம் போட்டு நெய்த ஒரு போர்வையும் கூடக் கிடைத்தன. கம்பளிக்காகவே அம்மக்கள் ஒருவகை நாயை வளர்த்தனர். திமிங்கில வேட்டைக் கருவிகளும் வேலைப்பாடு மிகுந்த பொருட்களும் வீட்டின் பின்மூலையில் செறிந்து கிடந்தன. உயர்ந்த நிலையில் இருந்த குடும்பத்தின் இடம் அதுவென்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

இவற்றுள் மிகவும் பேசப்படுவது, திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பு வடிவில் செஞ்சிடார் மரத்தில் செதுக்கிய ஒரு சிற்பம். அதில் கடல் நீர்நாயின் 700-க்கும் மேற்பட்ட பற்கள் பதிக்கப்பட்டிருந்தன. இன்னொரு வியப்பு இரும்பு. ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய வீட்டில் இரும்பு அலகு பூட்டிய உளிகளும் கத்திகளும் இருந்தன. பசிபிக்கின் மறுகரையில் உடைந்த கப்பல்களின் மரத்துண்டுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்தபோது அவற்றோடு வந்த இரும்பு என்று கருதப்படுகிறது.

முதியோர் அறிந்தவை

இந்த ஆய்வில் மாணவர்களுக்குத் தெரியாதது ஊர் முதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாதுகாப்புக் கூடம் ஊருக்குள்ளேயே இருந்ததால் அவர்கள் வந்து பார்த்தார்கள். பட்டியலில் 'மரத்துண்டு, பயன் தெரியவில்லை' என்று எழுதக்கூடியதை ஒரு பாட்டி கையில் வாங்கி, அதன் பெயரையும், எதற்கு ஆகும் என்பதையும் சொல்வது இயல்பாயிற்று. அவர் குழந்தையாக இருந்தபோது அதைப் போன்றதை வீட்டில் யாரோ பயன்படுத்தியிருப்பார்கள். பள்ளியில் பேசினால் தண்டனை பெற்றுத்தந்த அதே சொற்கள் இப்போது ஆய்வுப் பதிவேட்டில் ஏறின. மக்கா இளைஞர்கள் தோண்டும் இடத்திலும் கூடத்திலும் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். அவர்களுக்கு இது தாத்தா பாட்டியிடம் கேள்வி கேட்கக் கிடைத்த காரணமும் ஆயிற்று.

வாய்மொழிக் கதைகளைப் பற்றிய எண்ணமும் மாறியது. ஓசெட்டின் ஒரு பகுதியைப் பெரிய மண்சரிவு விழுங்கிய கதை மக்கா குடும்பங்களில் வழங்கி வந்தது. அகழாய்வு அதை மெய்யென்று காட்டியது. மண்சரிவின் காலத்தைத் தொடக்கத்தில் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்தனர். பிறகு வந்தவர்கள் 1700ஆம் ஆண்டை ஒட்டி வைக்கின்றனர். 1700 ஜனவரி 26 இரவில் இக்கடற்கரையை மிகப்பெரிய நிலநடுக்கம் ஒன்று தாக்கியது ஜப்பானில் பதிவான ஆழிப்பேரலைக் குறிப்புகளால் உறுதிப்பட்டுள்ளது. மலைச்சரிவு அந்த நிலநடுக்கத்தில் நிகழ்ந்திருக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. கடல் உள்வாங்கிப் பின் ஏறி வந்து நிலத்தை மூடிய கதை ஒன்றை ஆசிரியர் சுவான் 1864இலேயே மக்கா தலைவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார். நூறாண்டுக்கு மேல் அது பழங்கதைக் கணக்கில்தான் கிடந்தது.

அருங்காட்சியகம்

பொருட்கள் ஊரில் இருக்க வேண்டும் என்றால் அவற்றை வைக்க இடம் வேண்டும். 1979இல் நீயா விரிகுடாவில் மக்கா பண்பாட்டு ஆய்வு மையம் திறக்கப்பட்டது. காட்சிக்கூடத்தில் இருப்பவை சில நூறு பொருட்களே. மற்றவை கிடங்கில் உள்ளன. வரலாற்றாசிரியர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது அந்தக் கிடங்கைத்தான் எனலாம்.

பொதுவாக அருங்காட்சியகக் கிடங்கில் மரம் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் என்று பொருளின் தன்மைப்படி அடுக்குவார்கள். இங்கே ஒவ்வொரு பொருளும் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டின் பொருட்களோடு சேர்ந்தே இருக்கிறது. வீட்டுச் சொத்து, வீட்டை விட்டுப் பிரியக்கூடாது. அதற்குள் மக்கா மொழி பொருட்களை எவ்வாறு பெயரிட்டு வகைப்படுத்துகிறதோ அவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன. அட்டைகளில் மக்கா மொழிப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. திமிங்கில வேட்டைக் கருவிகள் போன்ற சிலவற்றைப் பெண்கள் கையாளக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடும் கிடங்கில் மதிக்கப்படுகிறது. இதை வெளியாட்கள் சிலர் ஏற்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை வைத்திருப்பதா நீக்குவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த மக்களே. வெளியிலிருந்து ஆய்வு செய்ய வருவோர் இன்று மையத்திடம் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும்.

மொழிக்கான திட்டம் 1978 வாக்கில் தொடங்கியது. எழுத்துமுறை வகுத்து, பாடம் எழுதி, மக்கா மொழியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். மக்காவைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசியவர்களில் கடைசியானவர் எனக் கருதப்படும் ரூத் கிளாப்லான்ஹூ 2002இல் தம் நூறாவது வயதில் காலமானார். அதன் பிறகு மொழி இரண்டாம் மொழியாகக் கற்றவர்களின் வாயிலும், முதியவர்களிடம் பதிந்து வைத்த ஒலிநாடாக்களிலும் இருக்கிறது.

குறைகளும் தொடர்ச்சியும்

கூட்டாய்வு என்ற சொல் இன்று பல்கலைக்கழகங்களின் திட்ட அறிக்கைகளில் தாராளமாகப் புழங்குகிறது. ஓசெட்டில் எல்லாம் சமமாக நடந்தது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. என்ன கேள்வியை ஆராய்வது, எப்படித் தோண்டுவது என்பதைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தீர்மானித்தது. ஓசெட்டை வைத்து முதுகலை, முனைவர் பட்டங்கள் பெற்றவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்த மாணவர்கள். விரிவான ஆய்வறிக்கைத் தொகுதிகள் 1991 முதல்தான் வெளிவரத் தொடங்கின. தோண்டி முடித்துப் பத்தாண்டுகள் கழித்து. பணம் நின்றபோது அகழாய்வும் நின்றது. சரிவுக்குள் இன்னும் வீடுகள் உள்ளன. ஆனால் பொருள் யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்கு முதல் நாளிலேயே விடை கண்டுவிட்டதால், மற்றக் குறைகளைப் பின்னால் சரிசெய்துகொள்ள வழி இருந்தது. முதியவர்கள் சொன்ன பெயர்கள் ஊரின் பதிவேட்டிலேயே இருந்தன. கிடங்கை மறுபடி அடுக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அகழாய்வு நடந்த ஆண்டுகளிலேயே மக்கா மக்கள் நீதிமன்றத்திலும் நின்றார்கள். 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், ஒப்பந்தம் செய்த குடியினருக்குப் பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்த தரப்பில் மக்கா குடியும் இருந்தது. முன்னோர் எங்கே, எதை, எப்படிப் பிடித்தார்கள் என்பது வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லாத காலம் அது.

திமிங்கிலங்களின் கதை இன்னும் நீண்டது. வணிகக் கப்பல்கள் சாம்பல் திமிங்கிலங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தபின், 1920களில் மக்கா மக்கள் வேட்டையை நிறுத்திக்கொண்டனர். 1994இல் அவ்வினம் அருகிவரும் உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் ஒப்பந்த உரிமையை மீண்டும் கோரினர். 1999 மே 17 அன்று, எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு, சிடார் தோணியில் சென்ற குழுவினர் ஒரு திமிங்கிலத்தைப் பிடித்தனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் வந்தன, வேட்டை மறுபடி நின்றது. சாம்பல் திமிங்கிலமும் கூனல் முதுகுத் திமிங்கிலமும் இம்மக்களின் உணவிலும் வாழ்விலும் பெற்றிருந்த இடத்துக்கு ஓசெட்டில் குவிந்து கிடந்த எலும்புகள் சான்றாக நின்றன. வரம்புக்குட்பட்ட வேட்டைக்கு வழிவிடும் விலக்கைக் கூட்டரசு 2024 ஜூனில் அளித்தது.

எட்வர்டு கிளாப்லான்ஹூ 2010இலும் ரிச்சர்டு டாகெர்ட்டி 2014இலும் மறைந்தனர். 1981இல் பணி முடிந்ததும் ஓசெட்டின் குழிகள் மண்ணால் மூடப்பட்டன. ஓசெட் ஏரியிலிருந்து காட்டு வழியே அலாவா முனைக்கு இன்றும் நடந்து செல்லலாம். அங்கே புல்மேடும் கடலும்தான் தெரியும். அந்த வீடுகளின் பொருட்களைப் பார்க்க விரும்புவோர் நீயா விரிகுடாவுக்குத்தான் போக வேண்டும்.